இத்தா நாட்களில் ஒரு வாசப் பீங்கான்

என் கணவர் மவுத்தாகி மூன்றாம் நாள் நான் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் நாறுதா?" என்பது. கேட்டது என் மதினியிடம், அதாவது அவருடைய மூத்த சகோதரியிடம். அழுதழுது மூக்கடைத்துப் போயிருந்த மனுஷி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, ஒருமுறை நன்றாக உறிஞ்சிப் பார்த்து, "எனக்கெண்டா ஒண்டும் நாறல்ல புள்ள" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இஷாத் தொழுகை வரைக்கும் வெற்றிலையும் புகையிலையும் மென்றுகொண்டிருக்கும் ஒருத்தியிடம் போய் நாற்றம் பற்றி விசாரித்த என்னைத்தான் முதலில் ஏச வேண்டும்.

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எங்கள் வீடு. நான் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பிக்கிற டீச்சர். என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போய்ப் பதினாறு மாதம் முன்னறையில் கிடந்தார். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு ஒரு தடவை என்று அவரைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றியது நான். வாதத்துக்குப் பூசுகிற எண்ணெய், மூத்திரத்துணி, பினைல், கஞ்சி, வியர்வை எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம் அந்த அறையில் இருந்தது. மவுத்தானதும் மெத்தையை எரிப்பித்தேன். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடிப்பித்தேன். யன்னல் திரையைக் கழற்றி வீசினேன். அப்படியும் அது போகவில்லை என்றுதான் நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் என் ஒரே மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தாயும் தகப்பனும் வீட்டை மகளின் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்கிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். ஆனால் அவளுடைய வாப்பா படுக்கையில் கிடந்த காலத்தில், வயிற்றில் பிள்ளை தங்கி இரண்டு மாதத்தில், மகள் தன் சொந்த வீட்டை விட்டுவிட்டு மருமகனோடு கல்முனையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். "நாத்தம் தாங்க ஏலாமக் கிடக்கும்மா. சத்தி சத்தியா வருது" என்றாள். தாய் இருக்க, சொந்த வீடு இருக்க, வாயும் வயிறுமான பெண் வாடகை வீட்டுக்குப் போனால் எங்கள் ஊரில் என்ன கதைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குத் தலை நிமிர்த்த முடியவில்லை.

வாப்பா மவுத்தான நேரம் அவளுக்கு ஐந்து மாதம். இன்னும் நான்கு மாதத்தில் பேறு. ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு அவள் நேரே என் வீட்டுக்கு, அதாவது அவள் வீட்டுக்கு, வர வேண்டும். நாற்பது நாளும் நான் பார்க்க வேண்டும். குழந்தையை நான் குளிப்பாட்ட வேண்டும். அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதற்குள் நாற்றத்தை வீட்டை விட்டுத் துரத்திவிட்டால் காரியம் முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் நான் இத்தாவில் இருந்தேன். கணவன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் ஒரு பெண் வீட்டோடு இருக்க வேண்டும். அழகுபடுத்தக்கூடாது, நகை போடக்கூடாது, கண்ணுக்குச் சுர்மா இடக்கூடாது, அத்தர் பூசக்கூடாது. அரசாங்கமே அதற்கென்று லீவு தருகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போய்விட்டது. வெள்ளை உடுப்பு நான்கு தைத்து வந்துவிட்டது. மதினி தன் துணி மூட்டையோடு காவலுக்கு வந்து குந்திவிட்டார்.

காவல் என்றால் சும்மா காவலா? முதல் வாரமே குளியலறையில் என் சவர்க்காரத்தை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "இது வாசம் அடிக்கி. இத்தாக்காரிக்கு இது கூடா" என்று துணி தோய்க்கிற சவர்க்காரத்தைக் கொண்டு வந்து வைத்தார். தலைக்கு வைக்கிற எண்ணெயையும் மணந்தார். முகத்துக்குப் பூசுகிற கிறீமை மணந்தார். வீட்டு நாற்றம் தெரியாத மூக்குக்கு என் கிறீம் வாசம் மட்டும் எப்படித் தெரிந்ததோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

நான் நடுவறையில் இருந்தேன். தெருப்பக்க யன்னல் எப்போதும் சாத்தியே கிடந்தது. பின்பக்கம் ஒரு துண்டு முற்றம், சுற்றிவர தகரவேலி, அவ்வளவுதான் எனக்கு ஆகாயம். காலையில் மீன் வண்டி ஹோன் அடித்துக்கொண்டு போகும். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போது என் கால் தானாக எழும்பும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது என்ன செய்வார்கள், என் அலுமாரித் திறப்பை யார் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு திரும்ப இருப்பேன். சில நாள் நடுவறையிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து நடுவறைக்கும் எத்தனை தரம் நடந்தேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு மாதம் ஒரு கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். இப்போது வீட்டோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். மார்க்கக் கடமையைக் குறை சொல்லவில்லை, பாவம் வரும். என் மனம் பட்ட பாட்டைத்தான் சொல்கிறேன்.

மகள் வெள்ளிக்கிழமைகளில் வருவாள். மருமகன் ஜும்மாவுக்குப் போகிற வழியில் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போவார், தொழுகை முடிந்து வந்து ஏற்றிக்கொண்டு போவார். அந்த ஒன்றரை மணித்தியாலமும் அவள் மண்டபத்தில், வாசல் கதவுக்கு ஆகக் கிட்டக் கிடக்கிற கதிரையில்தான் இருப்பாள். "உள்ள வந்து சரிஞ்சு படு மகள், கால் வீங்கிக் கிடக்கு" என்றால், "பரவால்ல உம்மா, இஞ்ச காத்து வருது" என்பாள். நான் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னும் நாறுதா?"

"கொஞ்சம்."

ஒரு நாள் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரி பூவையும் பழத்தோலையும் காய வைத்து, பட்டை கராம்பு சேர்த்து, ஒரு பாத்திரத்தில் போட்டு வீட்டுக்குள் வைப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு கலவையாம். இலையுதிர் காலத்துக்கு ஒன்று, பனிக்காலத்துக்கு ஒன்று. அவள் அதற்குச் சொன்ன பெயர் என் வாய்க்குள் நுழையவில்லை. நான் வாசப் பீங்கான் என்று வைத்துக்கொண்டேன். நமக்கு இலையும் உதிர்வதில்லை, பனியும் பெய்வதில்லை. கச்சானும் மாரியும்தான். அப்போது கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. சம்மாந்துறை வயல்வெளியைத் தாண்டி வருகிற அந்த மேல்காற்று முகத்தைக் காய்ச்சும், உதட்டை வெடிக்க வைக்கும். ஆனால் காலையில் பரப்பிய பூ பின்னேரம் அஸருக்குள் கடதாசி மாதிரி நொறுங்கும். சாம்பிராணிப் புகை ஒரு மணித்தியாலத்தில் போய்விடும், அதோடு சாவு விழுந்த மையத்து வீட்டு நினைப்பையும் கொண்டு வரும். இது அப்படியில்லை, வைத்தால் வைத்தபடி கிடக்கும். எனக்கு ஆசை வந்துவிட்டது.

பின்முற்றத்தில் ஒரு மல்லிகைக் கொடியும் ஒரு மருதோன்றி மரமும் கறிக்குப் போடுகிற ரம்பையும் நின்றன. மருதோன்றி இலையைத்தான் எல்லாரும் பறிப்பார்கள், அதன் பூவை யாரும் மதிப்பதில்லை. சின்னஞ்சிறு கொத்து, ஆனால் அதன் வாசம் ஒரு அறைக்குக் காணும். நான் சுளகில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பூவைப் பரப்பிக்கொண்டிருந்தபோது மதினி வந்து பார்த்துவிட்டார்.

"யா அல்லாஹ், என்ன வேல புள்ள செய்யிற? இத்தாவுக்க மருதோண்டியத் தொடுறயா?"

"பூவத்தானே மதினி தொட்ட. கையிலயா வெச்ச?"

"ஊரு கேட்டா என்னகா சொல்லும்? மாப்புள்ள மவுத்தாகி ஒரு மாசம் ஆகல்ல, பொஞ்சாதி மருதோண்டிப் பூப் பறிக்கா எண்டு சொல்லாதா?"

"ஊர் என்ட வேலிக்கு மேலால எட்டிப் பாத்தா அவங்கட கண்ணுலதான் குத்தும்."

மனுஷி விடவில்லை. கடைசியில் பெண்கள் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கிற ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். உடம்பிலும் உடுப்பிலும் பூசுவதுதான் கூடாது, வீட்டுக்கு வாசம் வைப்பது தடையில்லை என்று அவர் சொன்னார். மதினி தொலைபேசியை வாங்கித் தானும் ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு தன் சொந்தச் சட்டமொன்றைப் போட்டார். பீங்கான் முன்னறையில் இருக்கலாம், நான் அதற்குப் பக்கத்தில் போய் இருக்கக்கூடாது. வாசம் என் வெள்ளை உடுப்பில் ஏறிவிடுமாம். ஆக, வாசத்தை உண்டாக்கினவளுக்கு வாசம் இல்லை. நான் நடுவறையில் பினைலை மணந்துகொண்டு இருந்தேன்.

அந்த நாட்களில் வேலை எனக்கு ஒரு பிடிமானமாக இருந்தது, பொய் சொல்வானேன். சுபஹு தொழுததும் மல்லிகை மொட்டைப் பறிப்பேன், விரிந்த பிறகு பறித்தால் காயும்போது கறுத்துவிடும். தோடம்பழத் தோலின் உட்பக்கத்து வெள்ளையைக் கத்தியால் சுரண்டி எடுப்பேன், அது கிடந்தால் கசப்பு மணம் வரும். தேசிக்காயை வட்டமாக வெட்டி நூலில் கோத்து வேலியில் தொங்கவிடுவேன். காய்ந்தவற்றை ஒரு போத்தலில் ஒரு படை பூ, ஒரு படை கல்லுப்பு என்று அடுக்கி மூன்று நாள் மூடி வைப்பேன். மிச்ச ஈரத்தை உப்புக் குடித்துவிடும். பிறகு உதறி எடுத்து, இடித்த கறுவாப்பட்டையும் ஏலக்காய்க் கோதும் கலந்து பீங்கானில் கொட்டுவேன். மதினி பக்கத்தில் குந்தியிருந்து, "இதென்னத்துக்கு, அதென்னத்துக்கு" என்று கேட்டுக்கொண்டே கராம்பை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். வாசத்துக்கு எதிரி, கராம்புக்குச் சினேகிதி.

முதல் பீங்கான் மருதோன்றிப் பூவும் மல்லிகையும். மகள் வந்து வாசல் கதிரையில் இருந்தபடி, "நல்லா இரிக்கி உம்மா" என்றாள். உள்ளே வரவில்லை. பூ வாசம் தலையை இடிக்கும்போல என்று அதை எடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்குத் தேசிக்காயும் ரம்பையும் வைத்தேன். "சாப்பாட்டு மணம் மாதிரி இரிக்கி" என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பில் நான் ஒரு கிழமை உயிர் வாழ்ந்தேன். உள்ளே வரவில்லை. அதற்கடுத்து வெட்டிவேர். நாட்டுமருந்துக் கடையிலிருந்து எடுப்பித்து, நறுக்கி, தோடந்தோலோடு சேர்த்தேன். அப்பாடா, அதுதான் நான் செய்ததில் திறமானது. மண் நனைந்த குளிர் மணம். நடுவறைக் கதவடியில் மூக்கை வைத்து ஒளித்து ஒளித்து மணந்தேன்.

"இப்ப சொல்லு. நாறுதா?"

"இல்ல போலதான் உம்மா."

"அப்ப பேறுக்கு இஞ்ச வருவாய்தானே?"

"பாப்பம் உம்மா. அவரிட்டயும் கேக்கணும்."

மருமகன் தங்கமான மனுஷன், என்னை நிமிர்ந்து பார்த்தும் கதைக்க மாட்டார். அவரிடம் கேட்க என்ன இருக்கிறது? பழி முழுக்க நாற்றத்தின் மீதுதான் என்று முடிவு கட்டினேன். வீடு முழுக்கப் பீங்கான் வைத்தேன். அலுமாரிக்குள் துணிப்பையில் கட்டி வைத்தேன். கட்டில் காலடியில், குளியலறை யன்னலில், செருப்பு வைக்கிற இடத்தில்கூட வைத்தேன். மதினியிடம் ஒரு நாளைக்கு நாலு தரம் கேட்டேன், இப்ப நாறுதா, இப்ப நாறுதா என்று. "இல்லாத நாத்தத்த நான் எங்க போய்த் தேடுற? உனக்கென்ன புள்ள விசரா?" என்றார். எனக்கே இரண்டு மாதமாக அந்த நாற்றம் தெரியவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறவளுக்கு மூக்கு மரத்துவிடும், வெளியிலிருந்து வருகிறவளுக்குத்தான் தெரியும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

இத்தா முடியப் பத்தொன்பது நாள் கிடந்தபோது மழை தொடங்கியது. கச்சான் போய், கடல்பக்கத்துக் காற்று ஈரத்தோடு வந்தது. மாரிக்கென்று நான் ஒரு கலவை யோசித்துக் கலந்து வைத்திருந்தேன். பூ இல்லாமல் கறுவா, கராம்பு, வெட்டிவேர், சாதிக்காய். வேரும் பட்டையும் மழைக்குத் தாங்கும். அது மகளுக்கு மாதம் நிறைந்து வருகிற வெள்ளி. அவள் வருமுன் அதை முன்னறையில் வைக்க எடுத்தேன். மேலே மூடியிருந்த தட்டைத் தூக்கினேன். கலவைக்கு மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. கூடவே ஒரு மணம். எனக்கு அந்த மணத்தைத் தெரியும், மரத்த மூக்குக்கும் தெரியும். பன்னீர். மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியபோது தெளித்த பன்னீர், மிச்சம் அலுமாரியில் கிடந்தது.

"மதினி!"

மதினி குசினியிலிருந்து ஓடி வந்தார். வாசம் குறைந்துபோகாமல் இருக்க இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, தட்டால் மூடியும் வைத்தாராம். "புள்ள வாற நாளெண்டு நல்லதுக்குத்தான்கா செஞ்ச" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று முழுவதையும் எழுத வெட்கமாக இருக்கிறது. மூக்குச் செத்த கிழவி என்றேன். தம்பியைக் கொண்டுபோய்ப் புதைத்தது காணாதா, மையத்துத் தண்ணியைப் பேரப்பிள்ளைக்கும் தெளிக்க வந்தாயா என்றேன். என் வீட்டை விட்டுப் போ என்றேன். பீங்கானை முற்றத்தில் எறிந்தேன், அது தகரவேலியில் பட்டு நொறுங்கியது. என்னிலும் பதினைந்து வயது மூத்த மனுஷி, என்னோடு நூற்றுப்பதினொரு நாள் அடைபட்டுக் கிடந்த மனுஷி, சுவரோடு ஒட்டி நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் நிறுத்தவில்லை.

"காணும் உம்மா."

மகள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வாசல் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றக் கை வயிற்றின் மேலே இருந்தது. அந்த வயிற்றை அவள் பிடித்திருந்த விதம் எனக்குப் பிடிபடவில்லை. தாங்கிப் பிடிக்கவில்லை, பொத்திப் பிடித்திருந்தாள்.

"பாத்தியா மகள், இந்த மனுஷி செஞ்ச வேலய. இப்ப நாறுமே, வீடே நாறும்."

"வீடு நாறல்ல உம்மா."

"பொய் சொல்லாத. நீதானே சொன்ன."

"ஓம், நான்தான் சொன்ன. அது பொய். அப்பயும் நாறல்ல. நீங்க வாப்பாவ ஒரு நாளைக்கு மூணு தரம் கழுவித் துப்புரவா வெச்சிருந்தீங்க. எந்த வீட்டுலயும் ஒரு நோயாளிய அப்பிடிப் பாக்க மாட்டாங்க."

"பின்ன ஏன் போன?"

அவள் மதினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல ஒரே மூச்சில் சொன்னாள்.

"நீங்க வாப்பாக்கு ஏசினத்தக் கேட்டுட்டுக் கிடக்க ஏலாமப் போன. படுக்கை நனைஞ்சா, 'இன்னும் எத்தின நாளைக்கு என்ன இப்பிடிக் கட்டிப் போட்டு வெக்கப் போறீங்க? மவுத்துக்கு நம்மட வீட்டு வழி தெரியல்லயா?' எண்டு கேப்பீங்க. கழுவக் கழுவ ஏசுவீங்க. துணி மாத்துற நேரம் ஏசுவீங்க. கஞ்சி பருக்குற நேரம் ஏசுவீங்க. வாப்பாக்குக் கதைக்கத்தான் ஏலா. காது நல்லாக் கேட்ட. நீங்க அங்கால போனதும் நான் போய் அவர்ர கண்ணத் துடைச்சு விடுவன். ஒவ்வொரு நாளும் துடைச்ச. வயித்துல கிடக்கிற புள்ளைக்கும் சத்தம் கேக்கும் எண்டு கிளினிக்ல சொன்னாங்க. எனக்குப் பயம் வந்திட்டு."

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா எனக்கும் ஏசுவீங்க."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கு அது கைவந்த வேலை. அவள் எனக்காகப் பரிதாபப்பட்டுச் சொன்னாள். ஏழு மாதமாக என் மனம் நோகக்கூடாதென்று ஒரு நாற்றத்தைச் சாட்டாகச் சொல்லி, ஒவ்வொரு வெள்ளியும் நான் கொண்டுவந்து நீட்டிய பூவையும் வேரையும் மணந்து, நல்லா இரிக்கி உம்மா, நல்லா இரிக்கி உம்மா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. விடிந்தால் அவர், பொழுது பட்டால் அவர், நடுவில் பள்ளிக்கூடம், திரும்ப வந்தால் அவர். யாரும் உதவிக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது, மகள் கேட்டாள், மதினி கேட்டார். நான்தான் விடவில்லை, ஒருத்திக்கும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்று விரட்டினேன். கை நல்லதைச் செய்துகொண்டிருக்க வாய் அவரைக் கொன்றுகொண்டிருந்தது. கையைத்தான் நான் கணக்கில் எடுத்தேன். அவரைக் கழுவியதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று நினைத்துக்கொண்டே அவர் முகத்துக்கு நேரே மவுத்தைக் கூப்பிட்டிருக்கிறேன்.

வெளியே ஹோன் சத்தம் கேட்டது. அன்றைக்கு மருமகன் நேரத்தோடு வந்துவிட்டார், அல்லது அவள் தொலைபேசியில் கூப்பிட்டாளோ தெரியாது. "நான் வாறன் உம்மா" என்று திரும்பினாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன். வாசல்படியில் கால் நின்றுவிட்டது. அதற்கு அங்கால் தெரு. தெருவில் ஆம்பிளைகள் ஜும்மாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் வீங்கிய காலோடு மழைத்தண்ணீரைத் தாண்டி ஓட்டோவில் ஏறுவதைக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு எட்டு எடுத்து வைத்தால் கையைப் பிடித்திருக்கலாம். இன்னும் பத்தொன்பது நாள்.

மதினி போகவில்லை. போ என்று சொன்னவளை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். "உங்களுக்கும் கேட்டதா மதினி, நான் அவருக்கு ஏசினது?" என்றேன். "தெருவுக்கே கேக்கும் புள்ள" என்றார். "ஏன் ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல?" என்றேன். தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஆறமுதல் குடி" என்றார்.

அடுத்த பத்தொன்பது நாளும் நான் எதையும் காய வைக்கவில்லை. வீட்டுக்குள் இருந்த பீங்கான்கள் ஒவ்வொன்றாகப் பூஞ்சணம் பிடித்தன. மதினி எடுத்துப்போய்க் கொட்டினார். இதுவரைக்கும் நான் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பத்தொன்பது நாளும் என்னோடு நானே அடைபட்டுக் கிடந்தேன். தொழுகைப்பாயில் இருந்துகொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரால் பதில் சொல்ல முடியாது, உயிரோடு இருந்தபோதும் முடியவில்லை.

எட்டாம் நாள் மருமகன் தொலைபேசி எடுத்தார். "மாமி, பெண் புள்ள. ரெண்டு பேரும் சுகம்" என்றார். "எங்க கூட்டிப் போறீங்க, மகன்?" என்று கேட்டேன். "கல்முனைக்குத்தான் மாமி" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். படம் அனுப்பினார். கைபேசித் திரையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தச் சின்ன முகத்தை மதினியும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மைல் தூரம்.

இத்தா முடிந்த காலையில் நான் குளித்து, அபாயா போட்டு, மதினியையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் கல்முனைக்குப் போனேன். நாலு மாதத்துக்குப் பிறகு பார்த்த தெருவெல்லாம் கண்ணைக் கூசியது. எல்லாம் அதன் அதன் இடத்தில் இருந்தது, யாரும் என்னைத் தேடியிருக்கவில்லை. வாடகை வீட்டில் மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது, அதை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன். "வாங்க உம்மா" என்று கையை நீட்டினாள். நான் கட்டில் ஓரத்தில் இருந்தேன். பதினொரு நாள் பிள்ளையைத் துணியோடு தூக்கி என் மடியில் வைத்தாள். அவரின் நெற்றி. அவரின் அதே அகலமான நெற்றி. பிஸ்மி சொல்லி முத்தமிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மடி சூடாக நனைந்தது. துணியைத் தாண்டி, புது அபாயாவைத் தாண்டித் தொடை வரைக்கும் ஈரம் வந்தது. நான் வாயைத் திறந்தேன். சிரிக்கத்தான் திறந்தேன், அல்லாஹ் அறிவான், சிரிக்கத்தான். அதற்குள் மகள் தையல் நோவையும் மறந்து எட்டி வந்து, பிள்ளையை என் மடியிலிருந்து வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளுடைய மற்றக் கை பிள்ளையின் காதைப் பொத்தியிருந்தது. தான் அப்படிப் பொத்தியிருப்பது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்டு, மாற்றுத்துணி எங்கே கிடக்கிறது என்று கையால் கேட்டேன்.